அப்வொர்க் ஒர்க் டயரி: காவல்காரனா, மேஸ்திரியா?

தனித்து வேலை செய்யும் ஃப்ரீலான்சர்களையும் வேலை தரும் கிளையன்ட்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் தளம் அப்வொர்க். அதில் மணிக்கணக்கில் வேலை எடுக்கும் ஃப்ரீலான்சருக்கு ஒர்க் டயரி என்றொரு பதிவேடு ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வருகிறது. டெஸ்க்டாப் செயலியை நிறுவி, எந்த ஒப்பந்தத்துக்கான வேலை என்று தேர்வு செய்து ஓட விட்டால், நேரத்தை 10 நிமிடத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டிலும், எந்த நொடி என்று முன்கூட்டித் தெரியாதபடி, திரையை ஒரு படம் எடுக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை விசை தட்டினார், எத்தனை முறை மவுஸை அழுத்தினார் என்ற எண்ணிக்கையும் பதிவாகும். எந்த எழுத்தைத் தட்டினார் என்பது பதிவாகாது. மணிக்கு 6 படம். வாரம் 40 மணி நேரம் ஓடினால் 240 படம். கிளையன்ட் எந்நேரமும் திறந்து பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முகம் தெரியாத கிளையன்ட்டிடமிருந்து கூலி வாங்கித் தரும் காவல்காரனாக இது நன்றாகவே வேலை செய்கிறது. அதே காவல்காரனைக் கிளையன்ட் மேஸ்திரியாக மாற்றிக்கொள்ள இரண்டு வாரம் போதும். அதைத் தடுக்கும் பூட்டு என்று இந்தச் சேவைக்குள் பெரிதாக எதுவும் இல்லை. ஃப்ரீலான்சர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கூலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு

நல்லதை முதலில் பார்ப்போம். மணிநேர ஒப்பந்தத்தில் கிளையன்ட் "இந்த வேலைக்குக் காசு தரமாட்டேன்" என்று தகராறு செய்தாலும், சில நிபந்தனைகள் சரியாக இருந்தால் அப்வொர்க் ஃப்ரீலான்சர் பக்கம் நிற்கும். கிளையன்ட்டின் கட்டண முறை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். நேரம் டெஸ்க்டாப் செயலி மூலம் பதிவாகியிருக்க வேண்டும். கிளையன்ட் வைத்த வார வரம்புக்குள் இருக்க வேண்டும். திரையை எடுத்த படங்கள் அந்த வேலையைத்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் என்ன செய்தோம் என்ற குறிப்பு, அதாவது மெமோ, எழுதப்பட்டிருக்க வேண்டும். கையால் சேர்த்த நேரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கிளையன்ட் அனுமதித்தால் கைக்கணக்கு நேரத்தைச் சேர்க்கலாம், பில்லும் ஆகும். ஆனால் தகராறு வந்தால் அது காற்றில் போன கணக்குதான்.

பலர் கோட்டை விடுவது மெமோவில். "வேலை", "கோடிங்", "திருத்தம்" என்று எழுதிவிட்டுப் போனால் தகராறு நேரத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. "லாகின் பக்கம்: தேதி வடிவம் மாறும் பிழை, காரணம் தேடுதல்" என்று எழுதினால், படத்தையும் மெமோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கேள்வியே எழாது. வேலை மாறும்போதெல்லாம் மெமோவையும் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, அவ்வளவுதான் சிரமம்.

காசு கைக்கு வரும் கணக்கு கொஞ்சம் நீளம். வாரம் என்பது யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி திங்கள் 00:00 முதல் ஞாயிறு நள்ளிரவு வரை. அதன்பின் திங்கள் நண்பகல் வரை, யுடிசியில், 12 மணி நேரம் ஃப்ரீலான்சர் தன் பதிவைத் திருத்தலாம், மெமோ சேர்க்கலாம், வேண்டாத துண்டை நீக்கலாம். அங்கிருந்து வெள்ளி வரை கிளையன்ட் பரிசீலிக்கும் காலம். தகராறு எழுப்புவதானால் அதற்குள்தான். பிறகு பாதுகாப்புக்காக ஐந்து நாள் பணத்தை நிறுத்திவைப்பார்கள். அடுத்த புதன் அன்று பணம் எடுக்கத் தயாராகும். முதல் திங்களை 1 என்று எண்ணினால், அந்த வாரக் கூலி வருவது 17ஆம் நாள். அதற்குள் இரண்டு முழு வாரமும் மூன்றாவதில் இரண்டு நாளும் வேலை பார்த்து முடித்திருப்பார்கள். புதிய கிளையன்ட்டோடு முதல் வாரமே 40 மணி நேரத்துக்குத் தலையாட்டக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். 10 மணி நேர வரம்பில் தொடங்கி, முதல் புதனைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்வது நல்லது.

யுடிசியை மறப்பவர்களுக்கு இன்னொரு அடி விழும். யுடிசிக்குக் கிழக்கே இருப்பவரின் திங்கள் அதிகாலை, முந்தைய வாரக் கணக்கில் சேரும். வரம்பு ஞாயிறோடு முடிந்திருந்தால் அந்த அதிகாலை உழைப்பு பில் ஆகாது.

மேஸ்திரி உள்ளே வரும் வழி

ஒரு துண்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். காலை 11:20 முதல் 11:50 வரை மூன்று துண்டு. செயல்பாட்டு அளவைக் காட்டும் பத்துப் பட்டைகளில் இரண்டோ மூன்றோதான் பச்சை. திரையில் ஒரு பிடிஎஃப் திறந்து கிடக்கிறது. ஃப்ரீலான்சர் காகிதத்தில் தரவுத்தள அட்டவணைகளை வரைந்துகொண்டிருக்கிறார். அந்த நாளின் மிக விலையுயர்ந்த அரை மணி நேரம் அதுதான். ஆனால் கருவிக்கு அது தூக்கம். மறுநாள் கிளையன்ட்டிடமிருந்து செய்தி: "11:20க்கு மேல் ஆக்டிவிட்டி குறைவாக இருக்கிறதே?"

இந்தக் கேள்விக்குச் சொல்லும் முதல் பதில்தான் உறவின் வடிவத்தைத் தீர்மானிக்கும். "மன்னிக்கவும், இனி கவனமாக இருக்கிறேன்" என்று எழுதிவிட்டால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. அதன்பின் சிலர் மவுஸைச் சும்மா உருட்டுவார்கள், ஒரே வரியைத் தட்டி அழிப்பார்கள், அதற்கென்றே மென்பொருள் தேடுவார்கள். அது ஏமாற்று, கணக்கே முடங்கலாம். அதைவிட மோசம், பட்டையை நிரப்புவதுதான் வேலை என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். சரியான பதில் குறுகியது: "அந்த அரை மணி நேரம் அட்டவணை வடிவமைப்பு, காகிதத்தில் செய்தது. வரைபடத்தை இணைத்திருக்கிறேன். மெமோவிலும் குறித்திருக்கிறேன்." மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. பேச்சு விசைத்தட்டலை விட்டுப் பொருளுக்கு நகர்ந்துவிடும்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கதை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. முதலில் "தினமும் பதினைந்து நிமிட மீட்டிங்". பிறகு "எங்கள் நேரத்துக்குக் காலை முதல் மாலை வரை ஆன்லைனில் இருங்கள்". பிறகு நிறுவன ஈமெயில், கையெழுத்தில் நிறுவனப் பதவிப் பெயர். பிறகு விடுமுறைக்கு "அனுமதி" கேட்கும் படிவம். பிறகு ஆறு மாத மதிப்பீட்டுக் கூட்டம். கடைசியில் "வேறு கிளையன்ட் வைத்துக்கொள்ள வேண்டாம்". ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சின்ன விஷயம். எல்லாம் சேர்ந்தால் அது நிரந்தர ஊழியம்தான்: வருங்கால வைப்பு இல்லாமல், காப்பீடு இல்லாமல், சம்பள விடுப்பு இல்லாமல், எந்தத் திங்களும் ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் கிளையன்ட் கையில் இருக்கும் ஊழியம்.

டயரி தனியாக யாரையும் ஊழியராக்கிவிடாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல நாட்டுச் சட்டங்களிலும் கேள்வி ஒன்றுதான்: எதைச் செய்வது என்பதோடு நிற்காமல், எப்படி, எப்போது, எங்கிருந்து செய்வது என்பதையும் யார் தீர்மானிக்கிறார்கள்? அமெரிக்க வரித்துறை நடத்தை மீதான கட்டுப்பாடு, பண விஷயத்தின் மீதான கட்டுப்பாடு, உறவின் தன்மை என்று மூன்று தலைப்பில் மொத்தத்தையும் பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் 2018இல் டைனமெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்பும், 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 5 சட்டமும் இன்னும் கடுமை. அங்கே மூன்று நிபந்தனையையும் நிரூபிக்கும் சுமை வேலை தருபவர் தலையில்: கட்டுப்பாட்டில் இல்லை, நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலை, அவருக்கென்று சொந்தத் தொழில் இருக்கிறது. ஒன்று தவறினாலும் ஊழியர்தான். விதிவிலக்குகள் நிறைய உண்டு, அது வேறு பேச்சு.

"ஒப்பந்தத்திலேயே சுயாதீன ஒப்பந்ததாரர் என்று எழுதியிருக்கிறதே" என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கைச் சொல்ல வேண்டும். அங்கே ஃப்ரீலான்சர்கள் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அடையாள அட்டையின் நிறம் வேறு, ஈமெயில் முகவரி வேறு, நிறுவன விழாக்களுக்கு அழைப்பு கிடையாது, கூலிக்கு இன்வாய்ஸ்தான். ஆனால் ஊழியர்களோடு ஒரே குழுவில், ஒரே மேலாளரின் கீழ், அதே வேலையை, அதே நேரத்தில் செய்தார்கள். வரித்துறை ஆய்வில் அவர்கள் ஊழியர்கள் என்று முடிவானது. சலுகைகள் கேட்டு அவர்கள் போட்ட வழக்கு 1992இல் தொடங்கி, 2000இல் 9 கோடியே 70 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அட்டையின் நிறம் யாரையும் காப்பாற்றவில்லை.

அப்வொர்க் இதில் எங்கே நிற்கிறது? வெளியேதான். ஃப்ரீலான்சரை எந்த வகையில் வைப்பது என்ற பொறுப்பு கிளையன்ட்டுடையது என்று அதன் விதிமுறைகள் சொல்கின்றன. சட்டப்படி அவர்களுக்கு அது வசதி. பயன்படுத்துபவர் பக்கமிருந்து பார்த்தால் இதுவே இந்தச் சேவையின் பெரிய குறை. வார வரம்பு 40 என்று வைத்து மாதக்கணக்கில் ஓடும் ஒப்பந்தத்தில் "இது ஊழியம் போல் இருக்கிறதே" என்று கிளையன்ட்டின் திரையில் ஒரு எச்சரிக்கை வரி காட்டுவது பெரிய தொழில்நுட்பம் அல்ல.

முதல் நாளே செய்ய வேண்டியவை

ஒப்பந்தத்தை ஏற்பதற்கு முன், வேலை விவரத்தில் நேரம் இருக்கிறதா பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "வாரம் 40 மணி நேரம் எங்கள் குழுவோடு" என்பது ஆள் எடுப்பு. "பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றி எழுதுதல், சோதனைகளோடு" என்பது வேலை. முதல் வகை வந்தால் இரண்டாம் வகையாக மாற்றி எழுதிக் கேட்கலாம். அப்வொர்க்கின் செய்திப் பெட்டியில் இப்படி நான்கு வரி அனுப்பினால் போதும்:

"இந்த வேலையை நான் என் கருவிகளில், என் நேர அட்டவணைப்படி செய்வேன். வாரம் ஒருமுறை, செவ்வாய் அன்று, முப்பது நிமிடம் பேசலாம். மற்ற நாட்களில் செய்திகளுக்கு ஒரு வேலைநாளுக்குள் பதில் வரும். இதே காலத்தில் எனக்கு வேறு கிளையன்ட்களும் இருப்பார்கள்."

இதைப் படித்துவிட்டு விலகிப் போகும் கிளையன்ட், மூன்றாவது மாதம் விடுப்புப் படிவம் அனுப்பியிருப்பார். போகட்டும்.

வார வரம்பைத் தேவைக்கு மேல் வைக்க விடக் கூடாது. 40 என்று திறந்து வைத்தால், 22 மணி நேரம் ஓடிய வாரத்தில் "மீதி 18 எங்கே?" என்று கேட்கத் தோன்றும். வரம்பு என்பது உச்சவரம்பு, உறுதிமொழி அல்ல. அதையும் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது படங்கள். செயலி ஓடும்போது திரையில் இருப்பதெல்லாம் சிக்கும்: இன்னொரு கிளையன்ட்டின் நிரல், குடும்பச் செய்தி, வங்கிப் பக்கம், கடவுச்சொல் பெட்டி. படம் எடுத்த உடனே மூலையில் ஓர் அறிவிப்பு வரும்போது நீக்கலாம், பிறகு டயரியிலிருந்தும் நீக்கலாம். ஆனால் நீக்கினால் அந்தப் பத்து நிமிடக் கூலியும் போகும். இன்னொரு கிளையன்ட்டின் ரகசியம் சிக்கியிருந்தால் யோசிக்காமல் நீக்கிவிட வேண்டும். ரகசிய ஒப்பந்தத்தை மீறுவதைவிட பத்து நிமிடம் மலிவு. இதையெல்லாம் தவிர்க்க, கணினியில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனிப் பயனர் கணக்கு திறந்து, செயலியை அதற்குள் மட்டும் ஓட விடுவதுதான் சுத்தமான வழி. அறிவிப்புகள் அந்தக் கணக்கில் முழுவதும் அணைந்திருக்கட்டும். அரை மணி நேர வேலை, ஒரே முறை.

கிளையன்ட்டின் மடிக்கணினியில் வேலை செய்யச் சொன்னால்? பாதுகாப்புக் காரணம் உண்மையாக இருக்கலாம், மருத்துவ அல்லது நிதித் தரவு என்றால் நியாயமும்கூட. அப்போது தொலைநிலை டெஸ்க்டாப் கேட்கலாம்: அவர்கள் சூழல், உங்கள் இயந்திரம். அதுவும் முடியாது, கூடவே அவர்கள் நிறுவிய இன்னொரு கண்காணிப்பு மென்பொருளும் உண்டு என்றால், ஒரே வேலைக்கு இரண்டு மேஸ்திரி. அங்கே கூலியை உயர்த்துவது அல்லது விலகுவது, வேறு வழியில்லை.

பேசும் நேரத்தையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். மீட்டிங்கில் விசையும் மவுஸும் அசையாது, ஆனால் செயலி ஓடினால் மீட்டிங் சாளரம் படமாக விழும். மெமோவில் "வார மீட்டிங், கலந்துகொண்டவர் எண்ணிக்கை 7" என்று குறித்து பில் போடலாம். தினசரி மீட்டிங்குக்குப் பில் வரத் தொடங்கினால், அது வாராந்திரமாகச் சுருங்க அதிக நாள் ஆகாது.

மணிநேரமே வேண்டாம் என்றால்

பல வேலைகளுக்கு, வேலைக்கு இவ்வளவு என்று முன்பே விலை பேசும் நிலைவிலை ஒப்பந்தம்தான் பொருத்தம். கிளையன்ட் ஒவ்வொரு கட்டத்துக்குமான தொகையை எஸ்க்ரோவில், அதாவது வேலை ஏற்கப்படும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் இடைக்கணக்கில், முன்கூட்டி வைப்பார். வேலையைச் சமர்ப்பித்து, அவர் 14 நாளில் ஏற்பும் சொல்லாமல் திருத்தமும் கேட்காமல் இருந்தால், தொகை தானாக விடுவிக்கப்படும். பிறகு வழக்கமான ஐந்து நாள் நிறுத்தம். டிராக்கர் இல்லை, படம் இல்லை, பட்டை இல்லை. கட்டுப்பாடு பற்றிய சட்டக் கேள்வியிலும் இது ஃப்ரீலான்சர் பக்கம் சாயும், ஏனென்றால் இங்கே விற்பது பொருள்.

ஓட்டை எங்கே என்றால், எஸ்க்ரோவில் பணம் ஏறாத கட்டத்துக்கு வேலையைத் தொடங்குவதில். "அடுத்ததையும் ஆரம்பியுங்கள், நாளை போட்டுவிடுகிறேன்" என்பது நல்ல கிளையன்ட்டும் சொல்லும் வாசகம். பணம் ஏறிய அறிவிப்பு வரும்வரை கோப்பைத் திறக்கக் கூடாது. இன்னொன்று, "முடிந்தது" என்றால் என்ன என்று எழுதாமல் விடுவது. எத்தனை பக்கம், எத்தனை திருத்தச் சுற்று, எந்த உலாவிகளில் ஓட வேண்டும் என்பது கட்டத்தின் விவரத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பின் வரும் திருத்தம் புதிய கட்டம்.

தேவை தெளிவில்லாத வேலை, பழைய நிரலில் பிழை தேடும் வேலை, இவற்றுக்கு மணிநேரம்தான் நியாயம். அங்கே டயரியைச் சகித்துக்கொள்ளலாம்.

"வெளியே வந்துவிடுங்கள், மாதச் சம்பளமாகத் தருகிறோம்"

எட்டாவது மாதம் வாக்கில் இந்த அழைப்பு வரும். அப்வொர்க்கில் அறிமுகமான கிளையன்ட்டோடு 2 ஆண்டு வரை அதற்குள்ளேயேதான் பணப் பரிமாற்றம் செய்ய வேண்டும் என்பது விதி. விலக வேண்டுமானால் மாற்றுக் கட்டணம் கட்டி முறையாக விலகலாம். திருட்டுத்தனமாகப் போனால் கணக்கு போகும், அதோடு வருடக்கணக்கில் சேர்த்த மதிப்புரைகளும். அப்வொர்க் பிடிக்கும் சேவைக் கட்டணம் 2023 மே முதல் ஒரே சீராக 10 சதவீதமாக இருந்தது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதத்துக்குள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுகிறது. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் வெளியே அழைப்பவரின் தூண்டில்.

தூண்டிலைக் கடிக்கும் முன் ஒரு கணக்கு போடலாம். நிரந்தர ஊழியருக்கு ஆண்டுக்கு 52 வாரம், வாரம் 40 மணி நேரம், மொத்தம் 2080 மணி நேரத்துக்குச் சம்பளம். அதில் விடுப்பு, பொது விடுமுறை, நோய்நாள் என்று 35 நாள், அதாவது 280 மணி நேரம், வேலை செய்யாமலே காசு. மிச்சம் 1800. ஃப்ரீலான்சருக்கு அதிலும் 15 சதவீதமாவது வேலை தேடவும், பேசவும், கணக்கு எழுதவும் பில் ஆகாமல் போகும். மிச்சம் 1530. 2080ஐ 1530ஆல் வகுத்தால் 1.36. அதே வேலை செய்யும் ஊழியரின் மணிக்கூலியைவிட 36 சதவீதம் கூட வாங்கினால்தான் சமம். 10 சதவீதச் சேவைக் கட்டணமும் போனால் 1.51 மடங்கு. காப்பீடும், ஓய்வுக்கால நிதியும், கணினியும், மென்பொருள் சந்தாவும் இதில் இன்னும் சேரவில்லை.

அதனால் "வெளியே வாருங்கள்" என்றவரிடம் கேட்க வேண்டியது இரண்டில் ஒன்று. ஊழியராக எடுப்பதானால் நியமன ஆணை, விடுப்பு, காப்பீடு, வைப்பு நிதி, விலகும் அறிவிப்புக் காலம், எல்லாம் எழுத்தில். ஒப்பந்ததாரராகவே வைப்பதானால் 1.5 மடங்குக் கூலி, வரையறுத்த வேலை, நேரமும் இடமும் நம் இஷ்டம். மாதச் சம்பளம், அலுவலக நேரம், ஆனால் இன்வாய்ஸ் மட்டும் நீங்கள் போடுங்கள் என்றால், அந்தக் கூடுதல் 36 சதவீதத்தை அவர் தன் பையில் போட்டுக்கொள்கிறார் என்று பொருள்.